விளக்குத் தொப்பியில் படிந்த தூசி

கஸ்பார் மூன்றாம் முறையாகக் கப்பலேறிப் போன பிறகு ஒரு சாயங்காலம், தூத்துக்குடி நங்கூரச் சந்தில் அவன் வீட்டு முன்னறையில், உத்தரத்துக் கொக்கியில், பல்பும் இல்லாமல் ஒயரும் இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்த பட்டுத் துணி விளக்குத் தொப்பி தானாக எரியத் தொடங்கியது. அவன் பெண்டாட்டி மெர்சலின் அப்போது அதற்கு நேர் கீழே உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், கண்ணுக்கு நல்ல வெளிச்சம் கிடைத்ததே என்று மிச்ச நெத்திலியையும் ஆய்ந்து முடித்து, கையைக் கழுவிவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

அந்தத் தொப்பி வந்த கதையைச் சொல்ல வேண்டும். கஸ்பார் சரக்குக் கப்பலில் சமையல்காரன். பேர் சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் ஏதோ ஒரு துறைமுகத்தில், ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், ஆளுயரப் பித்தளைத் தண்டின் உச்சியில் தேன் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, கீழே குஞ்சம் கட்டி எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கைப் பார்த்ததும் அவனுக்குப் புதுப் பெண்டாட்டி ஞாபகம் வந்து, உள்ளே போய் வாங்கியும்விட்டான். தண்டு பெட்டிக்குள் அடங்கவில்லை, அதனால் தண்டை அங்கேயே விட்டுவிட்டுத் தலையை மட்டும் கொண்டுவந்தான். சந்தே சிரித்தது. "யானையக் காணும், அங்குசம் மட்டும் வந்துருக்கு" என்று கேலி பேசியவர்களுக்கு முன்னால் மெர்சலின் அதை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள், மாட்டிவிட்டு, விளக்கு இருந்தால்தான் தொப்பி போட வேண்டுமா, தலை இல்லாதவன்கூட இந்த ஊரில் தொப்பி போட்டுக்கொண்டு அலையவில்லையா என்று கேட்டாள், அதோடு கேலி அடங்கிவிட்டது.

தொப்பி எரிகிற செய்தி பரவியதும் முதலில் வந்தவர் மின்வாரிய லைன்மேன். ஏணி போட்டு ஏறி, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, மீட்டரும் ஓடவில்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். அடுத்து பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தொப்பி அணைவதற்குப் பதில் கொஞ்சம் கூடுதலாகவே எரிந்தது. அவர் நெடுநேரம் அதன் கீழ் நின்றுவிட்டு, பிசாசு வெளிச்சம் தராது, தந்தாலும் இவ்வளவு இதமாகத் தராது என்றும், மாதா வணக்க மாதத்து ஜெபமாலையை இந்த வீட்டிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. கரண்ட் போனால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மெர்சலின் வீட்டுக்கு வந்தார்கள், பெண்கள் பூக்கட்ட வந்தார்கள், பேன் பார்க்க வந்தார்கள், வந்த இடத்தில் சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

அது என்ன வெளிச்சம் என்று கண்டுபிடித்தவள் கஸ்பாரின் தங்கை ரெஜினா. அடுத்த வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கஸ்பார், "செவ்வாக்கிழம வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கும்போது சட்டுனு ஒன் ஞாபகம் வந்துட்டுளா" என்று பெண்டாட்டியிடம் சொன்னது பக்கத்தில் இருந்த ரெஜினா காதிலும் விழுந்தது, அவள் உடனே விரலை மடக்கி, செவ்வாய்க்கிழமை தொப்பி எரிந்ததே, அந்த வெளிச்சத்தில்தானே நான் என் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன் என்று யோசித்து, "மைனி, இது எண்ணெயில எரியல, அண்ணன் நெனப்புல எரியுது" என்று சொல்லிவிட்டாள். மெர்சலினுக்கு முகமெல்லாம் சிவந்துபோனது. அடுக்களைக்குள் போய், வேலையே இல்லாத இடத்தில் வேலை இருப்பது போல, காலிப் பானையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து நங்கூரச் சந்து அந்த வெளிச்சத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டது. நின்று நிதானமாக எரிந்தால் உலை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். விட்டு விட்டு எரிந்தால் கடல் கொந்தளிப்பு, நினைக்கக்கூட விடமாட்டேன் என்கிறது. சுள்ளென்று எரிந்தால் கப்பலில் யாரோ மீன் குழம்பைக் கெடுத்துவிட்டான். லீவில் வந்திருக்கிற மாதங்களில் தொப்பி இருண்டு கிடக்கும், ஆளே பக்கத்தில் இருக்கையில் நினைப்பு எதற்கு? சந்தில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில் இருந்தார்கள், ஆகவே பாதி வீட்டுப் பெண்களும் பஜாருக்குப் போய் ஆளுக்கொரு தொப்பி வாங்கி மாட்டிவிட்டு அண்ணாந்து உட்கார்ந்தார்கள், ஒன்றும் எரியவில்லை. எரிந்தது, ஆசைக்கு ஒன்று வாங்கி மாட்டியிருந்த எமரன்சியாள் வீட்டில் மட்டும்தான். அவள் புருஷனோ கப்பலுக்கே போகாதவன், அந்த நேரத்தில் அவள் எதிரிலேயே சம்மணம் போட்டுப் புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தான். திறந்திருந்த கதவு வழியாகச் சந்தே அந்த வெளிச்சத்தைப் பார்த்தது, பார்த்துவிட்டு மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டு நடந்தது. மறுநாள் காலையில் அந்தத் தொப்பி எமரன்சியாள் வீட்டு முற்றத்தில் கோழிக்குஞ்சுகளை மூடிக் கவிழ்ந்து கிடந்தது, குஞ்சுகளும் கதகதப்பாக நன்றாகவே வளர்ந்தன.

மெர்சலின் சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வெளிச்சத்தைக் கட்டிக்கொண்டு படுக்க முடியாது. அவன் குளித்துவிட்டு வரும்போது அடிக்கிற சோப்பு வாசம், அடுக்களையில் அவளை நகர்த்திவிட்டு உப்புப் பார்க்கிற அதிகாரம், தூக்கத்தில் அவள் முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொள்கிற பழக்கம், இதற்கெல்லாம் அவள் ஏங்கினாள், ஏங்கி ஏங்கி மத்தியானங்களில் கையில் எடுத்த வேலை என்னவென்று மறந்து நடு வீட்டில் நிற்பாள். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் தலைக்கு மேலே தேன் நிறம் பரவும்போது, எங்கோ ஒரு கடல் நடுவில் ஒரு மனுஷன் கரண்டியைக் கையில் பிடித்தபடி தன்னை நினைத்துக்கொண்டு நிற்கிறான் என்பது அவளுக்குச் சோறு மாதிரி இருந்தது, அதைத் தின்றுதான் அவள் நாளைக் கழித்தாள்.

இந்தக் கடைசிப் பயணத்தில்தான் எல்லாம் குழம்பியது. ஒப்பந்தம் முடிந்தது, மாற்று ஆள் வரவில்லை. இதோ அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள் என்றான், அடுத்த துறைமுகம் வந்தது, அதற்கும் அடுத்தது வந்தது, ஒரு கிறிஸ்துமஸ் போய் இன்னொரு கிறிஸ்துமஸும் போனது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சுச் சுருங்கிக்கொண்டே வந்து, இங்கே மழையா, அங்கே வெயிலா என்று வானிலை அறிக்கையாகிப் போனது. போன ஈஸ்டருக்குப் பிறகு, முதலில் யாருக்கும் தெரியாமல், பிறகு எல்லாருக்கும் தெரிய, தொப்பி மங்க ஆரம்பித்தது.

சந்து கூடி யோசிக்காமலே ஒரே பதிலைச் சொன்னது. தூசி. துணி என்றால் தூசி பிடிக்காதா? துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற தூசி, உப்பளத்துக் காற்று, கருவாடு சுடுகிற புகை, மெழுகுவர்த்திக் கரி, சாம்பிராணி, எல்லாம் அதன் மடிப்புக்குள் போய்த்தானே உட்கார்ந்திருக்கிறது. "நெனப்பெல்லாம் அப்பிடியேதான் இருக்கு, வெளிய வர வழியில்லாம அடச்சிக் கெடக்கு" என்றாள் எமரன்சியாள், இந்த விஷயத்தில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் தொப்பியை அண்ணாந்து பார்த்து, "அய்ய, என்னா தூசி" என்று சொல்லிவிட்டு உட்காருவது ஒரு மரியாதை ஆகிவிட்டது. துக்க வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்கிற மாதிரி, மெர்சலின் வீட்டில் வெளிச்சம் குறைந்ததைப் பற்றிப் பேசக் கூடாது, தூசியைப் பற்றி மட்டும் பேசலாம்.

மெர்சலினும் தூசிக்குள் ஒளிந்துகொண்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டில் படிந்த தூசியை எடுக்க அந்த ஊரில் அவளைவிட நல்ல கை கிடையாது. கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் மாதாவின் பட்டு மேலங்கியை இறக்கிச் சுத்தம் பண்ணும் சபைப் பெண்களில் அவள்தான் முன்வரிசை. தண்ணீர் காட்டாமல், ஆட்டுமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாக இழை போன போக்கிலேயே நீவி, பிறகு ரொட்டியின் வெள்ளைப் பாகத்தை உருட்டி ஒற்றி ஒற்றி அழுக்கை எடுப்பார்கள். தேய்த்தால் அழுக்கு உள்ளே போய்விடும், ஒற்றினால்தான் வெளியே வரும். அப்படிப்பட்டவள் தன் வீட்டுத் தொப்பியை மட்டும் விரலால்கூடத் தொடவில்லை. தூசி இருக்கிறவரைக்கும் அது தூசிதானே.

இந்த மேலங்கி வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. துணியில் கை இருக்கும்போது பொய் சொல்லக் கூடாது. பொய் சொன்னால் பட்டு அந்த இடத்தில் நைந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை. அதனாலேயே அந்த ஒரு நாள் மட்டும் சபைப் பெண்கள் வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பார்கள், சாமியார் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார். அந்த வருஷம் மெர்சலினும் ரெஜினாவும் மேலங்கியின் ஒரே ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து ரெஜினா மெதுவாகக் கேட்டாள்.

"மைனி, ஊரு அங்கியெல்லாம் தொடைக்கீங்க, வீட்டுல கெடக்குற தொப்பிய ஏன் தொடைக்க மாட்டேங்கீங்க?"

மெர்சலினின் கை பட்டின் மேல் இருந்தது. வேறு எந்த இடமாக இருந்தாலும் நேரமில்லை என்றிருப்பாள். "பயமா இருக்குளா" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. "நீ சொல்லு. அது தூசிதான?"

ரெஜினா பதில் சொல்ல வாயெடுத்தாள். எடுத்தவள், மேலங்கியிலிருந்து தன் இரண்டு கைகளையும் விலக்கி, மடியில் வைத்துக்கொண்டு, "தூசிதான் மைனி, வேற என்ன?" என்றாள்.

மெர்சலின் அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். கொடுத்த வேலையை முடித்து, அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் பேக்கரியில் ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறித் தொப்பியைக் கொக்கியிலிருந்து இறக்கியதைப் பார்த்ததும் சந்து பதறிப்போனது. சும்மா கடந்து போகிறவர்கள்போல ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். "ஈரம் பட்டா பட்டு சுருங்கிப்போவும்ளா" என்றாள் எமரன்சியாள். "சுத்தி ஒட்டுன நாடா கோந்துல நிக்கி, விட்டுட்டுன்னா பெறகு ஒட்டாது" என்றார் ஒருவர். உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு துணியில் இறங்கும், குஞ்சம் உதிரும், வெயிலில் வைத்தால் வெளுக்கும், நிழலில் வைத்தால் பூசணம் பிடிக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் காப்பாற்றப் பார்த்தது துணியை அல்ல, அது அவளுக்கும் தெரியும். "எல்லாரும் வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பழைய வேட்டியை விரித்து அதன் மேல் தொப்பியை வைத்தாள். உள்ளே ஒரு கையைக் கொடுத்து, துணி தொய்யாமல் விரல்களால் தாங்கிக்கொண்டு, வெளியே ஒவ்வொரு மடிப்பாகத் தூரிகையை மேலிருந்து கீழே இறக்கினாள். ஒரு மடிப்பை முடிக்காமல் அடுத்ததற்குப் போகவில்லை. வருஷக்கணக்கான சாயங்காலங்கள் சாம்பல் நிறத்தில் வேட்டியில் உதிர்ந்தன. பிறகு ரொட்டியின் நடுப்பாகத்தைப் பிய்த்து உருட்டி, ஒற்றி எடுத்து, கறுத்ததும் வேறு உருண்டை எடுத்து, அதுவும் கறுத்ததும் வேறு எடுத்தாள். மெழுகுக் கரி பிடித்த ஓர் இடம் மட்டும் அசையவில்லை. அதற்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரையை மட்டும் அள்ளி, மெல்லிய துணியில் தொட்டு, நாடாப் பக்கம் போகாமல் ஒற்றி, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை வாங்கி, ஃபேன் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். குஞ்சத்தைச் சீப்பால் வாரவில்லை, பிள்ளைத் தலையைக் கோதுகிற மாதிரி விரலாலேயே கோதிவிட்டாள். ஒரு நூல் பிரியவில்லை, ஒரு மடிப்புக் கலையவில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கஸ்பார் பார்த்த அதே தேன் நிறம் திரும்பியிருந்தது. அதை மறுபடியும் கொக்கியில் மாட்டிவிட்டு அவள் கீழே உட்கார்ந்தாள், சந்தும் வாசலிலேயே உட்கார்ந்தது.

பொழுது சாய்ந்தது. கோயில் மணி அடித்தது. தொப்பி எரிந்தது.

சுத்தமான வெளிச்சம், பட்டின் இழை ஒவ்வொன்றும் தெரிகிற வெளிச்சம், ஆனால் துளியூண்டு. ஊதுவத்தி நுனியில் இருக்குமே, அவ்வளவுதான். வாசலில் இருந்த ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது, இன்னொருத்திக்குத் துணி எடுக்காதது ஞாபகம் வந்தது, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எமரன்சியாள் மட்டும் போகும்போது மெர்சலினின் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். இனி தூசி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மெர்சலின் அந்தத் துளி வெளிச்சத்தின் கீழே உட்கார்ந்து, மறைப்பில்லாமல், சத்தம் போட்டு அழுதாள், பக்கத்து வீட்டில் ரெஜினாவும் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கஸ்பார் வழக்கம்போல மழையில் ஆரம்பித்தான்.

"மழ கெடக்கட்டும்" என்றாள் மெர்சலின். ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு கையில் போனையும் இன்னொரு கையால் தொப்பியின் பட்டையும் பிடித்திருந்தாள். "தொப்பியத் தொடச்சிட்டேன்."

அந்தப் பக்கம் கப்பல் எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"ஒரு பொட்டுத் தூசி கெடயாது இப்ப. ஆனா வெளிச்சம் இம்புட்டுதான் வருது. எனக்கு நேராச் சொல்லிருங்க. என்ன மறந்துட்டீங்களா?"

"மெர்சலி…" என்றான் கஸ்பார். "நீ குடுத்துவிட்டியே, எலுமிச்சங்கா ஊறுகா. தீந்தும் அந்தப் பாட்டிலத் தூரப் போட மனசு வரல. கழுவி, கட்டில்ல தலமாட்டுல வச்சிருந்தேன். அது எரியுதுளா."

இத்தனை வருஷம் அவன் நினைப்பு எரிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள், தன் நினைப்பு எங்கே போய் எரிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஒன் நெனப்பு என் நெனப்பு மாதிரி இல்லளா. நான் வேல ஒழிஞ்சாத்தான் நெனைக்கேன். இது ராத்திரின்னு இல்ல, பகல்னு இல்ல, எரிஞ்சிக்கிட்டே கெடக்கு. மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துது, கூட இருக்குற பயலுவளும் அந்த வெளிச்சத்துலதான் சீட்டு வெளயாடுவானுவ. பெறகு இந்தா அனுப்புதோம், அந்தா அனுப்புதோம்னு இழுத்தடிச்சாவ பாத்தியா, அதப் பாக்கப் பாக்க என்னால முடியல. கஞ்சி வடிக்கப் போனா சோத்தையும் சேத்துக் கொட்டிருதேன். ஒருநா துண்டப் போட்டு மூடிட்டேன்."

"எப்ப?"

"போன ஈஸ்டர் கழிஞ்சி. மூடுன பெறகுதான் வேல ஓடுது. நெனைக்காம இருக்கப் படிச்சிக்கிட்டேன். மாத்து ஆளு கேட்டுக் கேப்டன்ட்டப் போயி நிக்கதயும் விட்டுட்டேன். அப்பிடியே இருந்துரலாம்போல ஆயிட்டு."

அவள் கோபப்பட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் அவ்வளவு கோபப்பட்டதில்லை. "நான் இங்க கெடந்து எரியுதேன், நீங்க துண்டப் போட்டு மூடிட்டு ஒறங்குதீங்களோ?" என்று கத்தினாள், ரெஜினா வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். பிறகு அவளுக்கே, தூசியைத் துடைக்காமல் தானும்தானே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றி, குரல் இறங்கியது. "துண்ட எடுங்க."

"எடுத்தா தாங்காதுளா."

"தாங்க வேண்டாம். தாங்காமப் போனாத்தான் மனுசன் வீட்டுக்கு வருவான். தாங்கிக்கிட்டா எவன் வருவான்?"

அவன் போனை வைக்கவில்லை. எஞ்சின் ஓடியது. யாரோ நடக்கிற சத்தம், ஒரு கதவு திறக்கிற சத்தம், கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. பிறகு துணியை உருவுகிற சத்தம் கேட்டது.

"யம்மா" என்றான் கஸ்பார், கண் கூசியவன் சொல்கிற மாதிரி.

மெர்சலின் தொப்பியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பட்டப்பகலில், எதிர்ச் சுவரில், தேன் நிற வெளிச்சத்துக்கு நடுவே, போனைக் காதில் வைத்தபடி நிற்கிற தன் நிழல் கன்னங்கரேலென்று விழுந்ததைத்தான் பார்த்தாள்.